மாத்தாவா, மூத்தாவா

அவளைப் பைத்தியக்காரி என்று எழுதி, அடியில் என் கையெழுத்தையும் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நடந்தது இவ்வளவுதான். இதற்குப் போய் வெனிஸில் பாதிப்பேர் என்னைத் திட்டுகிறார்கள், மீதிப்பேர் எனக்கு ஒயின் வாங்கித் தருகிறார்கள். இரண்டையும் நான் வேண்டாம் என்பதில்லை.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள் பள்ளிக்கூட நோட்டுப் பக்கம் அளவுகூட இருக்காது. ஆயிரத்து எழுநூறுகளில் யாரோ ஒருவன் பழுப்பு மையைத் தொட்டு அவசர அவசரமாக இழுத்த கோடுகள். வரைந்தவன் பெயர் கிடையாது. நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். வாய் ஆவென்று திறந்திருக்கிறது, உள்நாக்கு தெரியாத குறைதான். ஒரு கை நீண்டு யாரையோ காட்டுகிறது. அந்த ஆள் தாளுக்கு வெளியே போய்விட்டான். எதிரே டோப்பா வைத்த இரண்டு கனவான்கள். ஒருவன் பின்வாங்குகிறான், இன்னொருவன் காதைப் பொத்திக்கொள்கிறான். அவள் காலடியில் முட்டை வடிவத்தில் கறுப்பாக ஏதோ கிடக்கிறது, அதன் நடுவில் ஒரு மைப்புள்ளி. தாளின் அடியில் இரண்டு சொல்: லா மாத்தா. அல்லது, லா மூத்தா.

சண்டை முழுக்க அந்த ஓர் எழுத்தில்தான். எங்கள் ரோமன் எழுத்தைக் கையால் எழுதும்போது a என்கிற ஆவன்னாவுக்கும் u என்கிற ஊவன்னாவுக்கும் வித்தியாசம் எழுத்தின் தலையில் இருக்கிறது. மேலே மூடியிருந்தால் ஆ, திறந்திருந்தால் ஊ. மாத்தா என்றால் எங்கள் பேச்சில் பைத்தியக்காரி. மூத்தா என்றால் ஊமை. அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த ஒரு கறுப்பு வெல்வெட் முகமூடிக்கும் மூத்தா என்றுதான் பெயர். அதற்கு நாடா கிடையாது. உள்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் பல்லால் கடித்துக்கொண்டால் முகமூடி நிற்கும். வாயைத் திறந்தால் கீழே விழும். ஆகவே அதைப் போட்டவள் மாலை முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆண்களுக்கு அந்த முகமூடி ரொம்பப் பிடித்திருந்ததாம். பிடிக்காமல் என்ன.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பேராசிரியர் பெர்லான் இந்தத் தாளைப் பார்த்து 'மாத்தா' என்று படித்தார். அப்படி ஒரு வெனிஸ்காரனால்தான் படிக்க முடியும். இத்தாலியில் மற்ற ஊர்க்காரர்கள் பைத்தியத்தை matta என்று இரண்டு 'த' போட்டு அழுத்தி எழுதுவார்கள். mata என்று ஒற்றைத் 'த'வோடு விடுகிறவர்கள் நாங்கள்தான். தாளில் இருப்பது ஒற்றைத் 'த'. ரோமாபுரிக்காரன் எவனாவது பார்த்திருந்தால் யோசிக்காமல் மூத்தா என்று படித்துவிட்டுப் போயிருப்பான். பெர்லான் எங்கள் ஊர்ப் பிள்ளை, வீட்டுப் பேச்சு காதில் விழுந்துவிட்டது. கறுப்பு முட்டை அவள் வீசியெறிந்த தட்டு, புள்ளி சிந்திய மை, அவள் பைத்தியம் என்று எழுதி முடித்துவிட்டார்.

போன இலையுதிர்காலத்தில் எங்கள் அருங்காட்சியகத்தில் இந்தத் தாளை நடுநாயகமாக வைத்துக் கண்காட்சி ஏற்பாடானது. நான் அங்கே பழைய சித்திரங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவள், ஒப்பந்த வேலை. இயக்குநர் எர்மோலாவோ, பேராசிரியர் பெர்லானின் மாணவர். பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் என்பதால் எங்களுக்கு அவர் 'தொத்தோர்'. நல்ல உடை, நல்ல குரல், சட்டைப்பையில் எப்போதும் சோம்பு மிட்டாய். எனக்கும் ஒன்று நீட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஒந்தினா, குறிப்புல புதுசா ஒண்ணும் வேணாம். பேராசிரியர் சொன்னதை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போஸ்டர் அச்சாயிடுச்சு, பை அச்சாயிடுச்சு."

"பையிலுமா?"

"'லா மாத்தா'ன்னு அந்தக் கையெழுத்துலயே போட்டிருக்கோம். அழகா வந்திருக்கு."

"தொத்தோர், அது ஊவன்னான்னு நினைக்கிறேன். கீழ கிடக்கிறது தட்டு இல்ல, முகமூடி. நடுவுல இருக்கிறது பொத்தான். அவ பைத்தியமில்ல, பொத்தானைத் துப்பிட்டுப் பேசுறா."

அவர் சிரித்தார். படித்த மனுஷர் சிரிக்கிற சிரிப்பு, சத்தம் வராது.

"முகமூடின்னா கண்ணுக்கு ஓட்டை வேணுமே. எங்க?"

"ரெண்டு வெள்ளைப் புள்ளி இருக்கு."

"காகிதத்துல இருக்கிற சொத்தை அது. பேராசிரியர் வாழ்நாள் பூரா இதைப் பார்த்தவர், ஒந்தினா. நீங்க..." மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க இந்த விஷயத்துல கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறீங்க. புரியுது. உங்க அம்மா கதை ஊருக்கே தெரியும். வசந்தத்துல ஒப்பந்தம் புதுப்பிக்கணும் வேற. எதுக்கு வீண் வம்பு?"

ஆமாம், ஊருக்கே தெரியும். என் அம்மா நிவெஸ் இளவயதில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே மேற்பார்வைக்கு இருந்தவன் புதுசாக வருகிற பெண்கள்மேல் கை வைப்பான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா பெஞ்சுமேல் ஏறி நின்று, அவன் பெயரைச் சொல்லி, அவன் செய்ததைச் சொல்லி, அவனைக் கைகாட்டிக் கத்தினாள். சூப்புக் கிண்ணத்தையும் வீசினாள் என்கிறார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவைத் தீவுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் தீவு என்று மொட்டையாகச் சொன்னால் எந்தத் தீவு என்று யாரும் கேட்க மாட்டார்கள், பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்த தீவு அது. ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தாள். அனுப்புவதற்கான தாளில் டாக்டர் 'பைத்தியம்' என்று எழுதினார், அப்பா அடியில் கையெழுத்துப் போட்டார். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

திரும்பி வந்த பிறகு எங்கள் சந்தில் அவள் 'நிவெஸ் லா மாத்தா' ஆனாள். நான் மாத்தாவின் மகள். பள்ளிக்கூடத்தில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டவர்களைக் கடித்து வைத்தேன்.

இப்போது அதே வார்த்தை, அதேபோல் ஒரு கையெழுத்து. என் கையால் அதைப் போட மாட்டேன் என்று அந்த மிட்டாய்க்காரரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னா எப்படி?" என்றார்.

"முயலைப் பிடிச்சது பேராசிரியர், தொத்தோர். நான் காலை எண்ணிப் பார்க்கலாம்னு சொல்றேன்."

தாளை எடுத்துக்கொண்டு துல்லியோவிடம் போனேன். துல்லியோ கிழிந்த தாள்களைச் செப்பனிடுகிறவர், வாய் சும்மா இருக்காத ஆள். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தோம், ஊதா விளக்கில் பார்த்தோம், நுண்ணோக்கியில் பார்த்தோம். அந்த எழுத்தின் தலைமேலேயே முன்பு இந்தத் தாளை வைத்திருந்தவன் எவனோ தன் முத்திரையை நச்சென்று குத்தி வைத்திருக்கிறான். முத்திரை மையும் பழுப்பு, எழுத்து மையும் பழுப்பு. இரண்டும் ஒன்றோடொன்று ஊறிக் கலந்துவிட்டன.

"இவ்வளவு பெரிய தாள்ல அந்த மகராசனுக்கு வேற இடமே கிடைக்கலையா," என்றேன்.

"தலை மூடின மாதிரியும் இருக்கு, திறந்த மாதிரியும் இருக்கு," என்றார் துல்லியோ கண்ணை எடுக்காமல். "என் மச்சான் வேலைக்குப் போறாப்பல. போறான்னும் சொல்ல முடியாது, போகலைன்னும் சொல்ல முடியாது."

"நல்லாப் பாருங்க. ஊவன்னாதானே?"

"நீ கேக்குறேங்கறதுக்காக ஊவன்னான்னு சொல்லட்டுமா? சொல்றேன். எழுதிக் குடுக்கச் சொன்னா மாட்டேன்."

அவர்மேல் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம்தான், இருந்தாலும் வந்தது. பெர்லானைக் கவிழ்த்துவிடலாம் என்று போனவள் கையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். அது ஊவன்னா என்று சத்தியம் பண்ணினால் நானும் இன்னொரு பெர்லான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வெங்காயமும் வினிகரும் திராட்சையும் போட்டு முந்தின நாளே ஊறவைத்த மத்தி மீன். அம்மா என்னைப் பார்த்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னடி, மூஞ்சி வெந்த கத்திரிக்காயாட்டம் இருக்கு?"

சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வாயை நல்லாத்தான் திறந்திருக்கா. பல்லெல்லாம் இருக்கா அவளுக்கு?"

"தெரியலம்மா."

"இருந்திருக்கும். பல்லில்லாம பொத்தானை எதால கடிக்கிறது."

"அவளுக்குப் பைத்தியமில்லம்மா. எப்பாடு பட்டாவது அதை நிரூபிச்சுக் காட்டுறேன் பாரு."

அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"எதுக்குன்னா? இத்தனை வருஷமா அவளைப் போய்ப் பைத்தியம்னு..."

"இருந்துட்டுப் போறா. பைத்தியமா இருந்தா அவ சொல்றது பொய்யாயிடுமா?"

எனக்கு வாயில் மீன் இருந்தது. மெல்லவில்லை.

"என்னைத் தீவுல உட்கார வச்சு டாக்டருங்க கேட்டானுங்க. தூக்கம் வருதா, குரல் கேக்குதா, சாப்பாடு இறங்குதான்னு. தூக்கம் வருது, உங்க குரல்தான் கேக்குது, சாப்பாட்டுல உப்பே இல்ல, ஆனா நான் சொன்ன ஆளு இன்னும் சலவைக்கூடத்துலதான் இருக்கான், போய் அவனைப் பாருங்கன்னேன். அதை எவனும் எழுதிக்கவே இல்ல. முதல்ல எனக்குப் புத்தி சரியா இருக்கான்னு பாக்கணுமாம், மத்ததெல்லாம் அப்புறமாம். குளிர்காலம் பூரா பார்த்துக்கிட்டே இருந்தானுங்க. அவன் அங்க கை வச்சுக்கிட்டே இருந்தான்." ஒரு மத்தியை வாலைப் பிடித்துத் தூக்கி என் தட்டில் போட்டாள். "நீயும் இப்போ விளக்கைப் புடிச்சுக்கிட்டு அதையேதான் பண்ற. அவ பைத்தியமா இல்லையா, பைத்தியமா இல்லையா. அவ யாரையோ கைகாட்டுறாளே, அது யாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களாடி?"

அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது. படிப்பு, விளக்கு, நுண்ணோக்கி எல்லாம் வைத்துக்கொண்டு நான் செய்தது, அந்தத் தீவு டாக்டர்களின் கேள்விக்கு வேறு பதில் தேடியது மட்டும்தான்.

மறுநாள் குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 'தலைப்பில் ஓர் எழுத்து தெளிவில்லை. மாத்தா என்றும் படிக்கலாம், மூத்தா என்றும் படிக்கலாம். காலடியில் கிடப்பது இன்னதென்று உறுதியில்லை. ஒரு பெண் ஒருவரைக் கைகாட்டிப் பேசுகிறாள். எதிரே இருப்பவர்கள் கேட்க விரும்பவில்லை.' இவ்வளவுதான். தாளில் இருப்பது அவ்வளவுதான்.

எர்மோலாவோ படித்துப் பார்த்தார். "உப்பு சப்பில்லாம இருக்கே. ஜனங்க காசு குடுத்து வந்து 'தெரியாது'ன்னு படிச்சுட்டுப் போவாங்களா?" என்று மடித்து வைத்தார். குறிப்பை அவரே எழுதி அவர் பெயரையே போட்டுக்கொண்டார். சுவரில் கறுப்பு எழுத்தில் ஒட்டியும் விட்டார்கள்: லா மாத்தா. புத்தி பேதலித்த பெண் வீட்டில் ரகளை செய்கிறாள்.

திறப்பு நாளில் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிற வேலை மட்டும் எனக்கு. "சுவர்ல இருக்கிறதைத் தாண்டி ஒரு வார்த்தை வேணாம்," என்று காலையிலேயே சொல்லி வைத்தார். "நுணலும் தன் வாயால் கெடும், ஞாபகம் வச்சுக்கங்க."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னும் சொல்லுவாங்க, தொத்தோர்," என்றேன்.

மழை. கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு ஏறி, எல்லோரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார்கள். அம்மாவும் வந்தாள், சிவப்புக் கோட்டு, உதட்டுச் சாயம், அப்பாவின் பழைய பூட்ஸ். நான் அழைக்கவில்லை. துல்லியோ அழைத்திருக்கிறார், அவரும் தெரியாததுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தத் தாளுக்கு முன்னால் போய் நின்றதும் சுவரில் இருந்ததைப் படித்தேன். படித்து முடித்தால் அடுத்த படத்துக்கு நகர வேண்டும். கால் நகரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று அப்போது தோன்றிவிட்டது.

"இது இயக்குநர் எழுதினது," என்றேன். "எழுத்து இதோ கண்ணாடிக்கு அடியில இருக்கு. நீங்களே கிட்ட வந்து படிச்சுப் பாருங்க. ஆவா, ஊவா?"

வெனிஸ்காரனிடம் அபிப்பிராயம் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. மருந்துக்கடைக்காரர் ஆ என்றார். அவர் மனைவி, கண்ணைத் துடைச்சுட்டுப் பாருங்க, ஊ என்றாள். மீன் சந்தையிலிருந்து வந்திருந்த ஒருவர், தலை மூடியிருக்கு என்று அடித்துச் சொன்னார். அது தலையில்லய்யா, முத்திரை, உன் தலைதான் மூடியிருக்கு என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கண்ணாடிக்கு முன்னால் பூட்ஸ்கள் ஒன்றையொன்று மிதித்தன.

எர்மோலாவோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பெரியோர்களே, இது ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்ச விஷயம். நாம அடுத்த அறைக்குப் போவோம்."

"தொத்தோர்." அம்மாவின் குரல். அந்தக் குரல் சலவை இயந்திரங்களுக்கு மேலே கேட்டுப் பழகிய குரல், மைக் தேவையில்லை. "நான் நிவெஸ். என்னை இந்த ஊர்ல மாத்தான்னு சொல்லுவாங்க, உங்களுக்கும் தெரியும். படத்துல இருக்கிற பைத்தியத்தைப் பத்தி இந்தப் பைத்தியத்துக்கு ஒரு சந்தேகம். இவ என்ன சொல்றா?"

"அது எப்படிம்மா தெரியும்? படத்துல இல்லையே."

"யாரைக் காட்டுறா?"

"அதுவும் படத்துல இல்ல."

"சரி. பைத்தியம்னு மட்டும் படத்துல எங்க இருக்கு? காட்டுங்க, பாக்கலாம்."

அவர் அந்த எழுத்தைக் காட்டக் கையை நீட்டினார். இவ்வளவு நேரம் அதற்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்து கை பாதியில் நின்றது. அதற்குள் ஆவன்னாக் கட்சியும் ஊவன்னாக் கட்சியும் சேர்ந்து காட்டுங்க, காட்டுங்க என்று கத்த ஆரம்பித்துவிட்டன. இரைச்சல் தாங்காமல் அந்த மனுஷர் நீட்டிய கையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

துல்லியோதான் முதலில் பார்த்தார். தாளில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற டோப்பாக்காரனை விரலால் காட்டினார், பிறகு எர்மோலாவோவைக் காட்டினார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து வாசல்வரை போயிற்று. எர்மோலாவோ கையை இறக்கினார், முகம் இறங்கவில்லை, சிவந்து போயிருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

வசந்தத்தில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் ஒருநாள் முழுக்க அழுதேன். இப்போது பதுவாவில் ஒரு பழம்புத்தகக் கடையில் இருக்கிறேன், தினமும் ரயில். சுவரில் ஒட்டியிருந்ததைத் திறப்பு நாளுக்கு மறுநாளே திருத்துவதற்கென்று உரித்து எடுத்தார்கள். என்ன எழுதுவதென்று இன்றுவரை அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவள் பக்கத்தில் வெறும் சுவர் இருக்கிறது. நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போஸ்டர்களை மட்டும் அவர்களால் உரிக்க முடியவில்லை, ஊர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். யார் ஆரம்பித்ததோ தெரியாது, காயத்துக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டாக வெட்டி அந்த எழுத்தின் தலைமேல் ஒட்டினால் ஆவன்னா ஊவன்னா ஆகிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். படகுத்துறைகளில், பாலங்களில், மீன் சந்தைத் தூண்களில் எல்லாம் மாத்தா மூத்தாவானாள். மருந்துக்கடைக்காரர் ஆவன்னாக் கட்சி, ஆனாலும் பிளாஸ்திரியை விற்றார்.

எங்கள் சந்து முனையிலும் ஒரு போஸ்டர் உண்டு. ஒரு சாயங்காலம் ரயிலிலிருந்து வருகிறேன், பல்கலைக்கழகத்துப் பெண்கள் இரண்டு பேர் அதன் முன்னால் பிளாஸ்திரியும் கத்திரியுமாக நிற்கிறார்கள். அவர்களுக்கும் போஸ்டருக்கும் நடுவில், வீட்டுச் செருப்போடு, என் அம்மா.

"உங்களுக்காகத்தான் பண்றோம், சின்னோரா நிவெஸ்," என்றாள் ஒருத்தி.

"தெரியும் கண்ணு. ஊர் பூரா ஒட்டு, நான் வேணாங்கல," என்றாள் அம்மா. "இதைத் தொடாத. இது என் பேரு. நான் பெஞ்சுமேல ஏறிச் சம்பாதிச்சது."